குக்கிராமத்துக்கு ஒரு சபை வேண்டும்

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் நாள். ஐ.நா.வின் பழங்குடிகள் பணிக்குழு 1982இல் முதன்முதலாகக் கூடிய நாளை நினைவில் நிறுத்தி, 1994இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்த நாள் அது. அன்று மேடை போடுகிறோம், மாணவர்களை ஆட வைக்கிறோம், நலத்திட்ட உதவிகள் கொடுக்கிறோம். ஆறு நாள் கழித்து ஆகஸ்ட் 15. தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடுகிறது. முதல் நாளில் பழங்குடி மக்களை மேடையில் ஏற்றும் நாம், ஆறு நாள் கழித்து அவர்களின் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்புக் கொடுக்கிறோம்? இந்த வாரம் நாம் பேச வேண்டியது இதைத்தான்.

ஆரணி நகரை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில் பிறந்து வருகிறது. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன இந்த ஊரின் கிணறுகளில் ஊறுவது அந்த மலையின் தண்ணீர். அந்த மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழ் பேசும் மலைவாழ் மக்கள் அவர்கள். சமவெளியில், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் செங்கல் சூளையிலும் வாழ்பவர்கள் இருளர்கள். இந்த இரு மக்களின் கோப்புகளும் கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று ஆரணி கோட்டாட்சியர் அலுவலகம். ஆகவே இது எங்கோ இருக்கும் மலையின் கதை அல்ல. நம் ஊர்க் கதை.

உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல்

பழங்குடி மக்களின் உரிமை குறித்து உலக அளவில் மூன்று முக்கிய ஆவணங்கள் உள்ளன. முதலாவது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1957ஆம் ஆண்டின் 107ஆவது உடன்படிக்கை. இந்தியா 1958இல் இதை ஏற்புறுதி செய்தது. பழங்குடி மக்கள் வழிவழியாக வாழும் நிலத்தின் மீது தனியாகவோ கூட்டாகவோ அவர்களுக்குள்ள உடைமை உரிமையை அரசு ஏற்க வேண்டும் என்று அதன் 11ஆவது பிரிவு சொல்கிறது. இன்றும் இந்தியாவைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இது. ஆனால் இதில் ஒரு பழைய குறை உண்டு. பழங்குடி மக்களைப் பொதுச் சமூகத்தில் கரைத்துவிடுவதே முன்னேற்றம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது அது.

அந்தக் குறையைக் களைந்து 1989இல் வந்தது 169ஆவது உடன்படிக்கை. தாம் யார் என்று அந்த மக்களே சொல்வதுதான் அடையாளத்துக்கு அடிப்படை என்றது அது. நம் அண்டை நாடான நேபாளம் 2007இல் இதை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

மூன்றாவது, 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பழங்குடிகள் உரிமைப் பிரகடனம். 144 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கும் அன்று எதிர்த்து, பின்னர் நிலையை மாற்றிக்கொண்டன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் விடுதலை பெற்றபோது இந்த மண்ணில் இருந்த அனைவருமே தொல்குடிகள்தாம் என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. எல்லோரும் தொல்குடி என்றால், தனியாகப் பறிகொடுத்தவர் என்று ஒருவரும் இல்லாமல் போய்விடுவர். சாதி விஷயத்தில் உலக அரங்கில் நம் அரசு பேசும் பேச்சும் ஏறக்குறைய இதே போக்குதான்: இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் சாதி அடங்காது என்றே வாதிட்டு வருகிறது.

பிரகடனம் என்பது ஒப்பந்தம் போலக் கட்டுப்படுத்தாது. என்றாலும் அது ஒரு அளவுகோல். அதன் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: அந்த மக்களைப் பற்றிய முடிவு அந்த மக்களிடமிருந்து தொடங்க வேண்டும். நிலத்தை விட்டு வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது. அவர்கள் மண்ணைத் தொடும் திட்டம் எதுவானாலும், உரிய தகவலை முன்கூட்டியே தந்து, மிரட்டாமல், அவர்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்.

நம் கையிலுள்ள சட்டம்

சர்வதேச அளவுகோல் என்றதும், நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த அளவுகோலுக்கு மிக நெருக்கமானது. காட்டில் வாழும் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று அதன் முகவுரையிலேயே நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் தொடங்கி, வெள்ளையர் காலத்தில் காடு அரசின் சொத்தாக்கப்பட்டபோது, அதில் வாழ்ந்தவர்கள் சொந்த மண்ணிலேயே ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அதற்கான பரிகாரமே 2006ஆம் ஆண்டுச் சட்டம். உரிமையை அது புதிதாக 'வழங்க'வில்லை. ஏற்கெனவே இருந்த உரிமையை 'அங்கீகரிக்கிறது'.

2005 டிசம்பர் 13ஆம் நாளுக்கு முன்பிருந்து வன நிலத்தில் உழுதுவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. உரிமை ஆவணத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். தேன், புளி, கடுக்காய் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு. ஊர் வழிவழியாகக் காத்து வந்த காட்டை ஊரே பராமரிக்கும் சமூக உரிமையும் உண்டு. மனு மீதான விசாரணை முடியும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இதன் விதிகளில் இருக்கிறது. உரிமைக்கு ஆதாரமாக, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதித் தரலாம் என்கிறது 13ஆவது விதி. இது எங்கள் தாத்தா காட்டைத் திருத்திய நிலம், இந்தப் பாறைதான் எல்லை என்று ஒரு கிழவி சொன்னால் அது சான்று. காகிதம் இல்லாத மக்களின் பேச்சைச் சட்டம் காது கொடுத்துக் கேட்ட அரிய இடம் இது.

இவ்வளவு நல்ல சட்டம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால், மனுக்களைப் பரிசீலிக்கலாம், ஆனால் நீதிமன்ற அனுமதியின்றி உரிமை ஆவணம் தரக்கூடாது என்ற நிலை ஏற்பட்டது. 2016இல்தான் அந்தத் தடை விலகியது. மற்ற மாநிலங்களில் பழங்குடியினர் ஆவணம் பெற்றுக்கொண்டிருந்த எட்டு ஆண்டுகளில், இங்கே மனுக்கள் தூசி படிந்து கிடந்தன.

எங்கே அறுந்து நிற்கிறது?

தடை விலகிய பிறகும் ஏன் நகரவில்லை? பாவு சரியாக இருந்தும் ஊடை ஓடாவிட்டால் புடவை வராது என்பது ஆரணிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மத்தியச் சட்டம் பாவு. மாநிலத்தின் ஊராட்சி அமைப்பும் அலுவலக நடைமுறையும் ஊடை. அறுந்து நிற்பது அங்கேதான்.

வன உரிமைச் சட்டப்படி மனுவைப் பெற்று, விசாரித்து, முதல் தீர்மானம் போட வேண்டியது கிராம சபை. அடுத்தது கோட்ட அளவிலான குழு. அதற்குத் தலைவர் கோட்டாட்சியர். இறுதி முடிவு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுடையது. எந்தக் கிராம சபை என்பதுதான் கேள்வி.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன்படி ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு கிராம சபை. மலையில் ஓர் ஊராட்சி என்றால் பல குக்கிராமங்கள். ஒரு கொல்லிக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடையும் மேடும் காடும். இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு கொல்லியின் மக்கள் ஒருநாள் கூலியை விட்டு நடந்துபோய் உட்கார்ந்தாலும், அந்தப் பெருங்கூட்டத்தில் அவர்களின் காடு ஐம்பது பொருள்களில் ஒன்றாகிவிடும். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 10,000க்கு மேல் என்றால் 300 பேர் வந்தால் போதும், கூட்டம் செல்லும். ஒரு குக்கிராமத்திலிருந்து ஒருவர்கூட வராமலே அந்தக் குக்கிராமத்தின் காட்டைப் பற்றிய தீர்மானம் நிறைவேறிவிட முடியும்.

வன உரிமை விதிகள் கேட்பது வேறு. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சபையின் உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அளவில் கூட்டுவதால் சிறு குடியிருப்புகள் விடுபடுகின்றன என்று மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமே 2012 ஜூலையில் சுட்டிக்காட்டி, குடியிருப்பு அளவில் கூட்டுமாறு வழிகாட்டியது. போராடிப் பெற்ற சில மலைகளில் அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் மாநிலத்தின் ஊராட்சிச் சட்டத்தில் அதற்கு இடம் இல்லாததால், அது அந்தந்த அதிகாரியின் நல்ல மனதை நம்பியிருக்கிறது. நல்ல மனது மாறுதலில் போய்விடும். சட்டம் போகாது.

பட்டியல் பகுதிகள் உள்ள பத்து மாநிலங்களில் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் நடைமுறையில் உள்ளது. ஒரு குடியிருப்போ குடியிருப்புகளின் தொகுப்போ தனிக் கிராமமாகி, தனக்கென்று சபை வைத்துக்கொள்ள அந்தச் சட்டம் இடம் தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. அதனால் பெசா இங்கே பொருந்தாது. ஆனால் அதே ஏற்பாட்டை மாநிலச் சட்டமன்றம் தானாகவே செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

சிறு சபைக்கு என்ன வலிமை என்று கேட்பவர்களுக்கு ஒடிசாவின் நியமகிரி பதில் சொல்லும். அலுமினியத் தாது எடுக்க டோங்ரியா கோந்த் மக்களின் மலையைக் கேட்டது வேதாந்தா நிறுவனத்துக்கான திட்டம். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், அந்த மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளையும் கிராம சபைகளே பரிசீலிக்கட்டும் என்றது. சர்வதேச உடன்படிக்கைகளையும் 2007ஆம் ஆண்டுப் பிரகடனத்தையும் அந்தத் தீர்ப்பு எடுத்துப் பேசியது. 12 சிறு கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

நான் யார் என்பதைச் சொல்வது யார்?

சபைக்கு முன்பே இன்னொரு கதவு இருக்கிறது: சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி மாணவருக்கு வட்டாட்சியர் சான்றிதழ் தருகிறார். பட்டியல் பழங்குடி மாணவருக்கு 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கி, பேருந்து மாறி ஆரணிக்கு வர வேண்டும். அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா, அண்ணனுக்கு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அண்ணனின் சான்றிதழ் எங்கிருந்து வரும்? இருளர் குடும்பங்களில் பல பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நிற்கும் இடம் இதுதான்.

போலிச் சான்றிதழ்கள் இருக்கின்றன, எச்சரிக்கை வேண்டும் என்ற வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. போலியால் முதலில் இழப்பவர்கள் உண்மையான பழங்குடிகள்தாம். ஆனால் போலியைப் பிடிக்கப் போட்ட வலையில் ஏழை இருளர் பிள்ளைதான் மாட்டுகிறது. பணமும் படிப்பும் உள்ளவர்கள் வழக்குப் போட்டு வெளியே வருகிறார்கள். குடியிருப்பின் சபை கூடி, இந்தப் பிள்ளை நம் பிள்ளை என்று தீர்மானம் எழுதித் தந்தால், அதை முதன்மைச் சான்றாக ஏற்றுக் குறித்த நாளுக்குள் முடிவெடுக்கலாம். ஊரே பொய் சொல்வது, ஒருவர் பொய் சொல்வதைவிடக் கடினம்.

பட்டியலிலும் சிக்கல் உண்டு. மலையாளி மக்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பது வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு. திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்ததால் நம் மலைக்கு அது பொருந்துகிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் பட்டியலுக்கு வெளியே நின்று நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். வெள்ளையர் கோடு போட்ட மாவட்ட எல்லை, ஒரே குடியைப் பழங்குடி என்றும் அல்ல என்றும் இரண்டாகப் பிளக்கிறது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஒரு புடவை எந்த மண்ணைச் சேர்ந்தது என்பதை நெய்தவர்களின் வரலாற்றைக் கேட்டு ஏற்கிற அரசு, ஒரு பிள்ளை எந்தக் குடி என்பதை அந்தக் குடியைக் கேட்டு ஏற்க ஏன் தயங்குகிறது?

இது நம் பிரச்சினையும்கூட

தலித் மக்களுக்கான இந்தப் பத்தியில் பழங்குடிகள் பற்றி ஏன் இத்தனை பேச்சு என்று சில வாசகர்கள் கேட்கலாம். மூன்று காரணங்கள்.

ஒன்று, வன உரிமைச் சட்டம் பழங்குடி அல்லாத மரபுவழிக் காட்டுவாசிகளுக்கும் உரிமை தருகிறது. காட்டோரச் சேரிகளில் வாழும் தலித் குடும்பங்களும் அதில் அடங்கலாம். ஆனால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அதற்கும் குடியிருப்பின் பெரியவர்கள் பேசும் சபைதான் வழி.

இரண்டு, காகிதத்தில் உரிமை இருந்தும் நிலம் போவது எப்படி என்று நமக்குத் தெரியும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து 1892இல் வந்த பஞ்சமி நிலத்தை மற்றவருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனை இருந்தது. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நிலம் வேறு கைகளில் இருக்கிறது. பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கப் பல மாநிலங்களில் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் வருவாய்த் துறை நிலையாணைகளைத் தாண்டி அப்படி ஒரு முழுமையான சட்டம் இல்லை. பஞ்சமியில் நாம் இழந்ததை அவர்கள் மலையில் இழக்க வேண்டுமா?

மூன்று, பாதுகாப்புச் சட்டம் ஒன்றே. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டப்படி, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் நிலத்தைப் பறிப்பதும், வன உரிமை உள்ளிட்ட உரிமைகளை அனுபவிக்கவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைக் குற்றம். இதை எத்தனை காவல் நிலையங்கள் அறிந்திருக்கின்றன என்பதைவிட, நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம் என்பதே முதல் கேள்வி.

உரிமை இல்லாத இடத்தில்

சபை, சான்றிதழ், விதி என்று பேசும்போது இவை வெறும் காகிதச் சங்கதிகளாகத் தோன்றலாம். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடி நுழைந்து, 18 பெண்களை வன்புணர்ந்து, ஊரைச் சூறையாடினார்கள். அவர்களும் மலையாளி மக்களே. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டு, உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. நீதிக்கு முப்பத்தோரு ஆண்டுகள்.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 12 பேர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தவர். செம்மரக் கடத்தலின் கொழுத்த லாபம் அவர்கள் வீட்டுக்கு வந்ததில்லை. சொந்த மலையில் நிலத்துக்கு ஆவணமும் காட்டு மகசூலுக்கு உரிய விலையும் இருந்திருந்தால், அடுத்த மாநிலத்துக் காட்டுக்குக் கூலிக்கு ஏன் போகிறார்கள்? அந்தச் சாவுகளுக்கும் தூசி படிந்த மனுக்களுக்கும் தொடர்பில்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையே தில்லியில் காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. காட்டை வேறு திட்டங்களுக்கு மாற்றும் முன் கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று 2009இல் மத்திய அரசு சுற்றறிக்கை விட்டது. 2022ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு இறுதி அனுமதி தந்த பிறகு மாநில அரசு அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வரிசையை மாற்றின. தேசியப் பழங்குடியினர் ஆணையமே அப்போது ஆட்சேபித்தது. அனுமதி கொடுத்துவிட்டுக் கேட்கும் ஒப்புதல், தாலி கட்டிவிட்டுக் கேட்கும் சம்மதம். மாநிலச் சட்டம் வலுவாக இருக்க வேண்டிய தேவை இதனால் இன்னும் கூடுகிறது.

சபைகளிடம் விட்டால் காடு அழியும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. காட்டை வெட்டி விற்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் எவருக்கும் தரவில்லை. காட்டையும் நீரூற்றையும் காட்டுயிரையும் காக்கும் பொறுப்பைச் சபையின் மேல் வைத்திருக்கிறது. காடு செழித்து நிற்கும் இடங்களில் அம்மக்கள் வாழ்கிறார்கள் என்பதே அவர்களின் சாட்சி.

செய்ய வேண்டியது

மாநில அரசிடம் நாம் கேட்பவை மூன்று. ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்தி, பழங்குடிக் குடியிருப்பு ஒவ்வொன்றையும் தனிக் கிராம சபையாக ஏற்க வேண்டும். சான்றிதழ் விசாரணையில் அந்தச் சபையின் தீர்மானத்தை முதன்மைச் சான்றாக்கி, காலக்கெடு வைக்க வேண்டும். பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும், போன நிலத்தை மீட்கவும் தனிச் சட்டம் வேண்டும். சர்வதேச அளவுகோலோடு நம் சட்டங்களை இணைப்பது என்பதற்கு, ஜவ்வாது மலையில் பொருள் இவ்வளவுதான். சர்வதேசச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 51ஆவது பிரிவும் சொல்லியிருக்கிறது.

சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடியிருப்பில் பத்து முதல் பதினைந்து பேர் கொண்ட வன உரிமைக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அதைத் தேர்ந்தெடுக்கச் சபையைக் கூட்டுமாறு எழுத்தில் மனு கொடுங்கள். மனு தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பள்ளி, அங்கன்வாடி, சாலை, குடிநீர், மின்கம்பி உள்ளிட்ட 13 வகைப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், சபையின் பரிந்துரையோடு வன நிலம் பெறச் சட்டத்தின் 3(2) பிரிவில் வழி உண்டு. வனத்துறை விடாது என்று சொல்லிச் சாலை நிற்கும் ஊர்கள் இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. குறிஞ்சித் திணையைப் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதுகிறீர்கள். தேனும் தினையும் மலையும் உரிப்பொருளும் உங்களுக்கு மனப்பாடம். விடுமுறையில் ஒருமுறை மலையேறி, ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதி, நாள் குறித்து, அவர்களின் கைநாட்டைப் பெற்று வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். 13ஆவது விதிப்படி அது ஆதாரம். ஒரு குடும்பத்துக்கு நிலம் கிடைக்க அந்தத் தாள் போதுமானதாகலாம். எழுதத் தெரிந்தவர்கள் குறைவாக உள்ள ஊரில், எழுதுவதும் ஒரு போராட்டம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போகும்போது, உங்கள் ஊராட்சியின் கடைசிக் குடியிருப்பிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எவரும் வரவில்லை என்றால் அதையே முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: அடுத்த சபை அங்கே கூட வேண்டும்.